எட்டாது என்று தீர்ப்பு எழுதியவர் யார்?

வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை ஒரே கவலையைச் சுற்றி வந்தன. பெரிய இலக்கு வைத்துக்கொள்ள ஆசை இருக்கிறது. ஆனால் அது தமக்கு மீறியது என்ற எண்ணம் முன்னால் வந்து நின்றுகொள்கிறது. ஆகவே இம்முறை வேறு பொருள் எதையும் தொடாமல் அந்தக் கடிதங்களுக்கு மட்டுமே பதில் எழுதுகிறேன். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன், பெயர்களை வெளியிடவில்லை.

*

கேள்வி: ‘உன்னால் முடிந்ததைச் செய், அது போதும்’ என்று சொல்லியே என்னை வளர்த்தார்கள். அலுவலகத்திலும் நான் அப்படித்தான் வேலை செய்துவருகிறேன். இப்போது புதிதாக வந்திருக்கும் மேலதிகாரி, எட்டுவதற்குக் கடினமான ஓர் இலக்கை ஒவ்வொருவரும் எழுதித் தரவேண்டும் என்கிறார். மனம் ஒன்றி உழைப்பவனுக்கு இலக்கு எதற்கு?
— கணக்குப் பிரிவு ஊழியர் ஒருவர்

பதில்: உங்களை வளர்த்தவர்கள் அன்பினால் சொன்ன சொல் அது, தேர்வுக்குப் புறப்படும் பிள்ளையின் பயத்தைத் தணிக்க அதைவிட நல்ல சொல் இல்லை. ஆனால் நாள்தோறும் செய்யும் வேலையை அளக்கும் கோலாக அதையே வைத்துக்கொள்ளும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. மாலையில் எவ்வளவு முடிந்திருக்கிறதோ அதுவே ‘என்னால் முடிந்தது’ என்று ஆகிவிடுவதால், அந்தக் கோலால் அளந்து யாரும் ஒருநாளும் குறைவாகச் செய்ததாகத் தெரியவராது.

எட்வின் லாக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1968-இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து தொடங்கி இதைப் பற்றி ஏராளமான ஆய்வுகள் நடந்துள்ளன. தெளிவும் கடினமும் உள்ள இலக்கைப் பெற்றவர்கள், ‘முடிந்தவரை செய்யுங்கள்’ என்று மட்டும் சொல்லப்பட்டவர்களைவிட நன்றாகச் செயல்பட்டார்கள் என்பதே அவற்றின் பொதுவான முடிவு. அவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது, கேரி லேதம் என்பவரும் அவருடைய துணை ஆய்வாளரும் 1975-இல் வெளியிட்ட, மரம் ஏற்றும் லாரிகளைப் பற்றிய ஆய்வு. வெட்டிய மரங்களைக் காட்டிலிருந்து ஆலைக்குக் கொண்டுசெல்லும் ஓட்டுநர்கள், சட்டம் அனுமதிக்கும் உச்ச எடையில் ஏறக்குறைய 60 விழுக்காடு அளவுக்கே சரக்கு ஏற்றிச் சென்றுகொண்டிருந்தார்கள். மரங்கள் ஒரே பருமனாக இருப்பதில்லை. அளவு மீறினால் தண்டனை உண்டு. ஆகவே கண்ணால் பார்த்து மதிப்பிட்டுப் பாதுகாப்பான தூரத்தில் நிறுத்திக்கொண்டார்கள். ‘முடிந்தவரை ஏற்றுங்கள்’ என்றுதான் அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அவர்களும் அப்படியே செய்வதாகத்தான் நம்பியிருந்தார்கள்.

பிறகு 94 விழுக்காடு என்ற இலக்கு கொடுக்கப்பட்டது. எட்டாவிட்டால் தண்டனை இல்லை. எட்டினால் பரிசுப் பணமும் இல்லை. ஒவ்வொரு நடையிலும் எவ்வளவு எடை வந்தது என்ற விவரம் மட்டும் அவர்களுக்குத் தெரிந்தது. எடையைச் சரியாகக் கணிப்பதற்கு வண்டியில் என்ன சிறு மாற்றங்கள் செய்யலாம் என்று ஓட்டுநர்களே யோசனை சொல்லத் தொடங்கினார்கள். சில மாதங்களில் சராசரி 90 விழுக்காட்டை ஒட்டி வந்து அங்கேயே நிலைத்தது.

இதில் கவனிக்கவேண்டியது, சட்டம் விதித்த எல்லையை ஒருவரும் மீறச் சொல்லவில்லை என்பதுதான். அது உண்மையான எல்லை. அது இருந்த இடத்திலேயே இருந்தது. அந்த எல்லைக்கும் அவர்கள் நின்ற இடத்துக்கும் நடுவே வெகுதூரம் வெறுமையாகக் கிடந்ததை, இலக்கு என்ற ஒன்று வந்து அளந்து பார்க்கச் சொல்லும்வரை யாரும் அறிந்திருக்கவில்லை. நீங்கள் சோம்பேறி என்று உங்கள் மேலதிகாரி நினைப்பதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு மாத காலத்துக்கு உங்கள் பணியில் எண்ணி அளக்கக்கூடிய ஒன்றை, அது பிழையின்றி முடித்த கணக்குகளாக இருக்கலாம், வேலை முடியும் நாளாக இருக்கலாம், குறித்துக்கொண்டு வாருங்கள். பிறகு எழுதித் தரும் இலக்கு உங்களுக்கே வியப்பைத் தரக்கூடும்.

*

கேள்வி: ஒரு சொற்பொழிவில் கேட்டேன். ஒரு மைல் தூரத்தை நான்கு நிமிடத்துக்குள் ஓட மனித உடலால் முடியாது என்று எல்லோரும் நம்பியிருந்தார்களாம். ரோஜர் பேனிஸ்டர் என்ற பிரிட்டன் ஓட்டக்காரர் ஓடிக் காட்டியதும் அடுத்த சில மாதங்களில் நூற்றுக்கணக்கானோர் அதைச் செய்தார்களாம். தடை மனத்தில்தான் இருந்தது என்பதற்கு இதுவே சான்று என்றார்கள். உண்மைதானா?
— கல்லூரி மாணவர்

பதில்: பாதி உண்மை. மற்றப் பாதியை மேடைகள் சேர்த்துக்கொண்டன. பேனிஸ்டர் 1954 மே 6 அன்று ஆக்ஸ்ஃபோர்டில் 3 நிமிடம் 59.4 விநாடியில் ஓடியது உண்மை. 46 நாள் கழித்து ஆஸ்திரேலியாவின் ஜான் லேண்டி, பின்லாந்தின் துர்கு நகரில் அதைவிட விரைவாக ஓடியதும் உண்மை. ஆனால் அந்த ஆண்டு முழுவதும் நான்கு நிமிடத்துக்குள் ஓடியவர்கள் இவர்கள் இருவர் மட்டுமே. அடுத்த ஆண்டில் மேலும் மூவர் சேர்ந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் என்பது கட்டுக்கதை.

அதற்கு முன் என்ன நடந்தது என்பதைத்தான் சொற்பொழிவாளர்கள் சொல்வதில்லை. 1937-இல் 4 நிமிடம் 6.4 விநாடியாக இருந்த உலகச் சாதனையை, 1942-க்கும் 1945-க்கும் இடையில் குண்டர் ஹேக், ஆர்னே ஆண்டர்சன் என்ற இரு சுவீடன் நாட்டு ஓட்டக்காரர்கள் மாறி மாறி முறியடித்து 4 நிமிடம் 1.4 விநாடிக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். உலகப் போரில் சுவீடன் நடுநிலை வகித்ததால் அவர்களால் ஓடிக்கொண்டிருக்க முடிந்தது. மற்ற நாடுகளில் அந்த வயதினர் போர்க்களத்தில் இருந்தார்கள். போட்டிகளில் ஓடுவோர் பணம் பெறக்கூடாது என்பது அக்கால விதி; போர் முடிந்ததும், பணம் பெற்றுக்கொண்டு ஓடினார்கள் என்று அந்த இருவருக்கும் போட்டிகளில் ஓட வாழ்நாள் தடை விதிக்கப்பட்டது. எல்லைக்கு மிக அருகில் வந்தவர்கள் அப்புறப்படுத்தப்பட்டார்கள். அடுத்த தலைமுறை உருவாக ஆண்டுகள் பிடித்தன. சாதனை ஒன்பது ஆண்டுகள் அசையாமல் நின்றதற்கு மனத்தடை மட்டுமே காரணம் என்றால், போரும் தடையும் நடக்காதவை என்று ஆகிவிடும்.

பேனிஸ்டர் என்ன செய்தார் என்று பாருங்கள். 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் 1,500 மீட்டரில் நான்காவதாக வந்த அவர், ஓய்வுபெறுவதற்குப் பதிலாக நான்கு நிமிட மைலை இலக்காக எடுத்துக்கொண்டார். மருத்துவ மாணவரான அவர், ஓடும்போது உடல் ஆக்சிஜனை எப்படிப் பயன்படுத்துகிறது என்பதை ஆய்வுக்கூடத்தில் சோதித்தவர். கால் மைல் தூரத்தை இடைவெளி விட்டு விட்டுப் பத்து முறை ஓடும் பயிற்சியில், ஒவ்வொரு முறைக்கும் 61 விநாடி என்ற நேரத்தைக் குறைக்க முடியாமல் திணறினார். சில நாள் பயிற்சியை நிறுத்திவிட்டு மலையேறிவிட்டுத் திரும்பியதும் 59-ஐத் தொட்டார். சாதனை படைத்த நாளில் அவருக்கு முன்னே ஓடி வேகத்தைக் காத்துக்கொடுக்க கிறிஸ் பிராஷர், கிறிஸ் சாட்டவே என்ற இரு நண்பர்கள் இருந்தார்கள். லேண்டி சாதனையை முறியடித்த துர்கு ஓட்டத்திலும் அவருக்குப் பின்னால் விரட்டிக்கொண்டு வந்தவர் அதே சாட்டவேதான்.

இத்தனைக்கும் பிறகு நம்பிக்கைக்கும் ஓர் இடம் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. 4 நிமிடம் 2 விநாடியில் ஓடக்கூடிய ஒருவருக்கு, அந்த இரண்டு விநாடி கடக்கக்கூடியது என்று கண்ணெதிரே தெரிவது பெரிய உதவி. ஆனால் ஐந்து நிமிடத்தில் ஓடுபவருக்கு அந்தச் செய்தி ஒரு விநாடியைக்கூடக் குறைத்துத் தராது. உழைப்பு நம்மை விளிம்புவரை கொண்டுவந்து நிறுத்திய பிறகே நம்பிக்கைக்கு வேலை வருகிறது என்பது என் கருத்து. இந்த வரிசையைத் தலைகீழாக்கிச் சொல்பவர்களை நம்பி நுழைவுக் கட்டணம் கட்டாதீர்கள்.

*

கேள்வி: ‘நமக்கு நாமே போட்டுக்கொண்ட வேலி’ என்று எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அது எரிச்சலூட்டுகிறது. என் வேலியை நான் போடவில்லை, மற்றவர்கள் போட்டார்கள். பெண்ணாகப் பிறந்து, நான் எதற்குத் தகுதியானவள் என்பதைப் பிறர் முடிவுசெய்ததைப் பார்த்தே வளர்ந்தவள் நான்.
— வாசகி

பதில்: உங்கள் எரிச்சல் நியாயமானது. இருக்கிற எல்லைகளையெல்லாம் தனிமனிதரின் மனக்குறை என்று சொல்லிவிடுவது, உண்மையில் வேலி போட்டவர்களுக்கு மிகவும் வசதியான வாதம்.

ஓட்டப்பந்தயத்திலேயே தொடர்கிறேன். 1928-இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 800 மீட்டர் ஓட்டம் முதன்முறையாக நடந்தது. இறுதிப் போட்டியில் ஓடிய ஒன்பது பேரும் ஓடி முடித்தார்கள். வென்ற ஜெர்மனியின் லினா ராட்கே உலகச் சாதனையே படைத்தார். ஆனால் பெண்கள் களைத்துச் சுருண்டு விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் மிகைப்படுத்தி எழுதின. அந்தப் போட்டி ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டு 1960-இல்தான் திரும்பி வந்தது. 1966-இல் பாஸ்டன் மாரத்தானில் ஓட விண்ணப்பித்த பாபி கிப் என்ற பெண்ணுக்கு, அவ்வளவு தூரம் ஓடப் பெண்களின் உடல் தாங்காது என்று மறுப்பு வந்தது. அவர் புதர் மறைவில் காத்திருந்து, ஓட்டம் தொடங்கியதும் கூட்டத்தோடு கலந்து முழுத் தூரத்தையும் ஓடி முடித்தார். மறு ஆண்டு, பெயரின் முதலெழுத்துகளை மட்டும் எழுதிப் பதிவுசெய்த கேத்ரின் சுவிட்சரை, ஓடிக்கொண்டிருக்கும்போதே அதிகாரி ஒருவர் பிடித்து வெளியே இழுக்க முயன்றார். பாஸ்டனில் பெண்கள் முறைப்படி அனுமதிக்கப்பட்டது 1972-இல். ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தான் சேர்ந்தது 1984-இல். அந்த முதல் ஒலிம்பிக் மாரத்தானை ஜோன் பெனாய்ட் 2 மணி 24 நிமிடம் 52 விநாடியில் ஓடி முடித்தார். அவரைத் தடுத்திருக்கக்கூடியது உடலும் அல்ல, மனமும் அல்ல, ஒரு விதிப்புத்தகம்.

அதே சமயம் இன்னொன்றையும் உங்களிடம் சொல்லியாக வேண்டும். பிறர் போட்ட வேலியை நெடுங்காலம் பார்த்துப் பழகியவர்கள், அந்த வேலி அகற்றப்பட்ட பிறகும் அதே இடத்தில் நின்றுவிடுவது உண்டு. ஆகவே உங்களுக்கு அடைபட்டதாகத் தோன்றும் ஒவ்வொரு வாசலைப் பற்றியும் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: நான் விண்ணப்பித்து மறுக்கப்பட்டேனா, அல்லது மறுத்துவிடுவார்கள் என்று விண்ணப்பிக்காமலேயே இருந்துவிட்டேனா? முதல் வகையில் போராடவேண்டியது வெளியே இருப்பவர்களோடு. அதைத் தனியாகச் செய்யவேண்டும் என்பதும் இல்லை. இரண்டாம் வகைக்கு ஒரு விண்ணப்பத் தாள் போதும். மறுத்தாலும், எந்த விதியின் கீழ் மறுக்கிறார்கள் என்ற விவரம் எழுத்தில் உங்கள் கைக்கு வந்துசேரும்.

*

கேள்வி: எனக்குக் கணக்கு வராது. பள்ளியில் பட்ட அவமானம் இன்றும் நினைவில் இருக்கிறது. இப்போது விரும்பும் பட்டப்படிப்பில் புள்ளியியல் கட்டாயப் பாடம். தன்னம்பிக்கையை வளர்த்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். எப்படி வளர்ப்பது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.
— மீண்டும் படிக்க விரும்புபவர்

பதில்: ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977-இல் இதற்கு ஒரு தெளிவான விடை தந்திருக்கிறார். ஒரு செயலை என்னால் செய்ய முடியும் என்ற நம்பிக்கை நான்கு வழிகளில் உண்டாகிறது என்றார் அவர்: அந்தச் செயலைத் தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கமொழி, படபடப்பு போன்ற உடல்நிலையை ஒருவர் எப்படிப் புரிந்துகொள்கிறார் என்பது. இவற்றுள் வலிமை மிக்கது முதலாவது. உங்களுக்கு எல்லோரும் கொடுத்துக்கொண்டிருப்பதோ மூன்றாவது.

ஆகவே ஊக்கமொழிகளை ஓரமாக வைத்துவிட்டு, எந்த வகுப்புக் கணக்கு உங்களுக்கு முழுமையாக வருகிறதோ அங்கே போய்த் தொடங்குங்கள். அது ஆறாம் வகுப்பு விழுக்காட்டுக் கணக்காக இருந்தாலும் வெட்கப்பட ஒன்றுமில்லை. அங்கிருந்து ஒவ்வொரு படியாக மேலே வாருங்கள். கணக்குத் தெரியாதவர் என்று நினைக்கும் பலரைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் இருப்பது பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட வகுப்பில் விட்டுப்போன ஒரு பாடமும், அதன்மேல் அடுக்கப்பட்ட பல ஆண்டு அச்சமும்தான்.

ஜார்ஜ் டான்ட்ஸிக் என்ற கணிதவியலாளரின் கதையை நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1939-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வகுப்புக்குத் தாமதமாக வந்த மாணவரான அவர், கரும்பலகையில் இருந்த இரண்டு கணக்குகளை வீட்டுப்பாடம் என்று எண்ணி எழுதிக்கொண்டு போனார். வழக்கத்தைவிடச் சற்றுக் கடினமாக இருந்ததாக நினைத்தபடி சில நாளில் விடையையும் கொண்டுவந்து கொடுத்தார். அவை புள்ளியியலில் அதுவரை தீர்க்கப்படாத கணக்குகள் என்பது பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. கடினம் என்று யாரும் சொல்லாததால் செய்து முடித்தார் என்று இக்கதையை முடிப்பார்கள். அவர் அப்போதே முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தவர் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை நேர்மையாகும். உங்களுக்கு அதில் பயன்படும் பகுதி சிறியது: ஒரு கணக்கு நீண்டநேரம் பிடிவாதம் பிடித்தால், ‘எனக்கு வராது’ என்று முடிவுகட்டாமல், ‘இது வழக்கத்தைவிடக் கொஞ்சம் கடினம்போல’ என்று நினைத்து மறுநாளும் உட்காருவது.

*

கேள்வி: இரவில் தூங்கும் முன் வெற்றியடைந்துவிட்டதாகக் கற்பனை செய்தால் அது நடக்கும் என்கிறார்களே?
— இல்லத்தரசி

பதில்: பெரும்பாலும் நல்ல தூக்கம் வரும். கேப்ரியேல் ஓட்டிங்கன் என்ற ஆய்வாளரும் அவருடைய துணை ஆய்வாளரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், நல்ல வேலை கிடைத்துவிட்டதாக இனிய கற்பனையில் அதிகம் திளைத்த பட்டதாரிகளுக்கு இரண்டு ஆண்டு கழித்துக் குறைவான வேலை வாய்ப்புகளும் குறைந்த ஊதியமுமே கிடைத்திருந்தன. கற்பனை செய்யவேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. விரும்புவதைக் கற்பனை செய்த கையோடு, அதற்குக் குறுக்கே நிற்கும் தடையையும், குறிப்பாகத் தன்னிடமே உள்ள தடையையும் நினைத்துப் பார்க்கச் சொல்கிறார். அந்தத் தடை வரும்போது என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே முடிவுசெய்துகொண்டால் போதும்.

*

கேள்வி: என் இலக்கை உறவினர், நண்பர் அனைவரிடமும் அறிவித்துவிட்டால், வெட்கத்துக்காகவாவது செய்து முடிப்பேன் அல்லவா?
— இளைஞர்

பதில்: எல்லோரிடமும் வேண்டாம். அறிவிப்பின்போதே கிடைத்துவிடும் பாராட்டு, செயலின் சுவையில் ஒரு பங்கை முன்கூட்டியே தீர்த்துவிடுகிறது. யாருடைய மதிப்பீட்டை நீங்கள் மதிக்கிறீர்களோ, மாதம் ஒருமுறை தயங்காமல் கணக்குக் கேட்பவர் யாரோ, அந்த ஒருவரிடம் மட்டும் சொல்லுங்கள்.

*

கேள்வி: என் குழுவினருக்கு மிக உயர்ந்த விற்பனை இலக்கு கொடுத்தேன். முதல் காலாண்டில் எல்லோரும் எட்டிவிட்டதாக அறிக்கை வந்தது. பிறகு சரிபார்த்தபோது பல எண்கள் பொய். கடினமான இலக்கு நல்லது என்று படித்துத்தான் செய்தேன். எங்கே தவறினேன்?
— குழுத் தலைவர்

பதில்: இந்தக் கேள்வியை அனுப்பியதற்கு நன்றி, முதல் கேள்விக்கு நான் எழுதிய பதிலை அரைகுறையாகப் படித்துவிட்டு நாளைக்கே 94 விழுக்காடு என்று சுவரில் எழுதி ஒட்டப்போகிறவர்களுக்காக இது அவசியம் தேவை.

அந்த லாரிகள் எடைமேடையில் ஏறின. எண்ணை ஓட்டுநர் சொல்லவில்லை, எடைமேடை சொன்னது. உங்கள் அலுவலகத்தில் எண்ணை எழுதியவரும் அந்த எண்ணால் மதிப்பிடப்பட்டவரும் ஒருவரே. 2004-இல் மாரிஸ் ஷ்வைட்ஸரும் அவருடைய துணை ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு, எட்டாமற்போன இலக்கு வைத்திருந்தவர்கள் தம் வேலையை மிகைப்படுத்திச் சொல்ல வாய்ப்பு அதிகம் என்றும், மயிரிழையில் தவறவிட்டவர்களிடம் அந்தப் போக்கு இன்னும் கூடுதல் என்றும் காட்டியது. பரிசுப் பணம் இல்லாதபோதும் இது நடந்தது. உங்கள் குழுவில் இருப்பவர்கள் திருடர்கள் அல்லர். இரண்டு எண்ணிக்கை குறைவாக மாத இறுதியில் நின்ற சாதாரண மனிதர்கள்.

இன்னொரு காரணமும் இருக்கலாம். மரம் ஏற்றுவது அந்த ஓட்டுநர்களுக்குத் தெரிந்த வேலை. எப்படிச் செய்வது என்பதே இன்னும் பிடிபடாத புதிய வேலையில், இவ்வளவு எண்ணிக்கை வேண்டும் என்று கேட்டால் மனிதர்கள் பதறி ஏதேனும் ஒரு குறுக்குவழியைப் பிடித்துக்கொள்கிறார்கள். அத்தகைய கட்டத்தில் எண்ணிக்கைக்குப் பதிலாகக் கற்றலையே இலக்காகக் கொடுக்கலாம் என்று லேதமே பின்னாளில் எழுதியிருக்கிறார். வாடிக்கையாளர் வேண்டாம் என்று சொல்வதற்கான காரணங்களில் ஐந்தைக் கண்டறிந்து வாருங்கள், அவற்றுக்கு எந்த அணுகுமுறை பலன் தருகிறது என்று எழுதுங்கள் என்பது போல. முறை கைவந்த பிறகு எண்ணை உயர்த்துங்கள். அதுவரை, குறைவாக வந்த எண்ணை உண்மையாகச் சொன்னவரை மற்றவர்கள் முன்னிலையில் நன்றாக நடத்துங்கள்; அடுத்த காலாண்டு அறிக்கையின் நேர்மை பெரிதும் அதைப் பொறுத்தது.

*

கேள்வி: 54 வயதாகிறது. ஆராய்ச்சி செய்யவேண்டும் என்பது இளமைக் கனவு. இனிமேல் தொடங்குவது பிறர் சிரிப்பதற்குத்தானே?
— பள்ளி ஆசிரியர்

பதில்: கணிதம் இளைஞர்களின் துறை என்று சொல்வார்கள். யீடாங் ஜாங் என்ற கணிதவியலாளர் முனைவர் பட்டம் பெற்ற பிறகும் கல்விப் பணி கிடைக்காமல், உணவகத்தில் வேலை பார்த்தும் கணக்கு எழுதியும் சில ஆண்டுகள் கழித்தார். பிறகு பல்கலைக்கழகம் ஒன்றில் சாதாரண விரிவுரையாளராக இருந்தார். 7 கோடிக்கு மிகாத இடைவெளி கொண்ட பகா எண் இணைகள் முடிவில்லாமல் உண்டு என்பதை அவர் 2013-இல் நிறுவியபோது வயது ஐம்பத்தேழைக் கடந்திருந்தது. அப்படி ஓர் இடைவெளி உண்டு என்பதைக்கூட அதற்கு முன் யாராலும் நிறுவ முடிந்திருக்கவில்லை.

இதைப் படித்துவிட்டு நீங்களும் அப்படி ஆவீர்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. அவர் அந்த ஆண்டுகளிலெல்லாம் கணிதத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர். உங்கள் விஷயத்தில் முதலில் விசாரிக்கவேண்டியவை இரண்டு: நீங்கள் விரும்பும் இடத்தில் சேர வயது வரம்பு எழுத்தில் இருக்கிறதா, வாரத்தில் எத்தனை மணி நேரம் உங்களால் உண்மையாகவே ஒதுக்க முடியும். இந்த இரண்டுக்கும் விடை சாதகமாக இருந்தால் வயது ஒரு பொருட்டே அல்ல. சிரிப்பவர்கள் எப்படியும் சிரிப்பார்கள். அதற்கு வயது வரம்பு இல்லை.

*

கேள்வி: ஓராண்டில் ஒரு நூலை எழுதி முடிப்பதாக இலக்கு வைத்தேன். பாதிகூட முடியவில்லை. பெரிதாக ஆசைப்பட்டதே பிழையா? தொடர்வதா, விட்டுவிடுவதா?
— எழுத ஆசைப்படுபவர்

பதில்: இலக்கின் அளவையும் அதற்கு வைத்த கெடுவையும் தனித்தனியே பாருங்கள். பிழையானது பெரும்பாலும் இரண்டாவதுதான். 1994-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆய்வேட்டை எழுதி முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று கல்லூரி மாணவர்களிடம் கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள்; எல்லாமே மோசமாக நடந்தால்கூட 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கு மேல். டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் 1979-லேயே இந்தப் போக்கைச் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். நம் வேலையை உள்ளிருந்து பார்க்கும்போது படிகள் மட்டும் தெரிகின்றன. காய்ச்சல், விருந்தாளி, மனச்சோர்வு, எழுதியதைக் கிழித்தெறியும் வாரங்கள் ஆகியவை தெரிவதில்லை. ஆகவே மனம் சொல்லும் நாள் கணக்கை நம்பாமல், இதே போன்ற வேலை மற்றவர்களுக்கு எவ்வளவு காலம் பிடித்தது என்று கேட்டுக் கெடு வைப்பதே சரியான முறை. முதல் நூலைப் பாதிவரை ஓராண்டில் எழுதியவர் பின்தங்கியவர் என்று எனக்குத் தோன்றவில்லை.

தொடர்வதா விடுவதா என்பது கடினமான கேள்வி. ‘ஒருபோதும் விட்டுவிடாதே’ என்ற அறிவுரையில் எனக்கு நம்பிக்கை இல்லை. எட்டவே முடியாத இலக்கிலிருந்து மனத்தை விலக்கி வேறொன்றில் செலுத்தத் தெரிந்தவர்கள் கூடுதல் மனநலத்தோடு இருக்கிறார்கள் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மறுபுறம், ஆண்ட்ரூ வைல்ஸ் என்ற கணிதவியலாளர் ஏழு ஆண்டுகள் ஏறக்குறைய யாருக்கும் சொல்லாமல் உழைத்து, நூற்றாண்டுகளாக நிறுவப்படாமல் இருந்த ஃபெர்மாவின் இறுதித் தேற்றத்துக்கான நிறுவலை 1993 ஜூனில் அறிவித்தார். அதில் ஓர் ஓட்டை இருப்பது பிறகு தெரியவந்தது. அப்போது அவர் விட்டிருந்தால் யாரும் குறைசொல்லியிருக்க மாட்டார்கள். மேலும் ஏறக்குறைய ஓராண்டு முயன்று, தம் முன்னாள் மாணவர் ரிச்சர்ட் டெய்லரின் துணையோடு 1994 செப்டம்பரில் அந்த ஓட்டையை அடைத்தார். ஓட்டை எங்கே இருக்கிறது என்பதை அவர் துல்லியமாக அறிந்திருந்தார். துணைக்கு ஆள் சேர்த்துக்கொள்ளவும் தயங்கவில்லை.

உங்கள் எழுத்து எங்கே நின்றது என்பதை அதே துல்லியத்தோடு எழுதிப் பாருங்கள். நேரம் போதாமல் நின்றதா, பொருள் தெரியாமல் நின்றதா, எழுத உட்காரும்போதெல்லாம் பிடிக்காமல் நின்றதா? முதலாவது என்றால் கெடுவை இரட்டிப்பாக்குங்கள். இரண்டாவது என்றால் சில மாதம் படித்துவிட்டு வாருங்கள். மூன்றாவது என்றால் இந்த நூலை வைத்துவிட்டு வேறொன்றைத் தொடங்கலாம். முடிவெடுக்கும் நாளை மட்டும், மனம் சோர்ந்திருக்கும் இன்று வேண்டாம், மூன்று மாதம் தள்ளி இப்போதே குறித்துவிடுங்கள். இதற்கிடையில் எழுதி முடித்த பாதியை, உங்களைப் புகழவேண்டிய கடமை இல்லாத ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள்.